வயிற்றுக்குள்ளே வெளிச்சம் கொண்டுபோனவர் - ஹரால்ட் ஹாப்கின்ஸ்

(இரண்டாமாண்டு மாணவன், கருவியியல் மற்றும் கட்டுப்பாட்டுத் துறை)



ஆண்டு மலருக்கு ஒரு அறிஞரின் வாழ்க்கை வரலாறு எழுதிக் கொடு என்று மலர்க்குழு அண்ணன்மார் கேட்டார்கள். எடிசன், ஐன்ஸ்டீன், சர்.சி.வி.ராமன் என்று எல்லோரும் எழுதுகிற ஒருவரை நானும் எழுதியிருக்கலாம். ஆனால் எங்கள் குடும்பத்துக்கு ஒரு மனிதரிடம் ஒரு கடன் இருக்கிறது. அவர் இறந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. நம் நாட்டுக்காரர் இல்லை. எங்கள் வீட்டில் ஒருத்தருக்கும் அவர் பேர் தெரியாது. அந்தக் கடனை இந்த நாலு பக்கத்தில் கொஞ்சமாவது அடைக்கலாம் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் எங்கள் வீட்டுக் கதை. சுருக்கமாகச் சொல்லி விடுகிறேன்.

எங்கள் அப்பத்தாவுக்குப் பித்தப்பையில் கல். அப்போதெல்லாம் வயிற்றைக் கிழித்துத்தான் ஆபரேஷன். ஒரு சாண் நீளம் தழும்பு. அது போதாது என்று தையல் போட்ட இடத்தில் சீழ் வேறு பிடித்துவிட்டது. மூன்று மாசம் அப்பத்தா ஒரு குடம் தண்ணீர் தூக்கவில்லை. அப்பத்தாவின் கூலிதான் அந்த வீட்டுக்குச் சோறு. அதனால் ஏழாம் வகுப்பு படித்துக் கொண்டிருந்த எங்கப்பா புத்தகப் பையை ஆணியில் மாட்டிவிட்டுச் செங்கல் சூளைக்குப் போனார். பை ஆணியிலேயே தொங்கிப் போச்சு. அப்பா திரும்பப் பள்ளிக்கூடம் போகவே இல்லை.

போன வருஷம் எங்கம்மாவுக்கும் அதே கல். கேட்ட உடனே எனக்கு வயிற்றைக் கலக்கியது. இனி காலேஜ் அவ்வளவுதான் என்று நினைத்தேன். ஆனால் இந்தத் தடவை கிழிக்கவில்லை. நாலு சின்னத் துளை. மூன்றாம் நாள் வீடு. மூன்றாவது வாரம் அம்மா வேலைக்குப் போய்விட்டார். நான் ஒரு இன்டர்னல் டெஸ்ட்கூட விடவில்லை!

அதே வருஷம் இன்பிளாண்ட் டிரெயினிங்குக்கு ஒரு மருத்துவமனையில் கருவி பராமரிப்புப் பிரிவுக்குப் போனேன். அங்கே மேஜை மேல் பென்சில் கணக்காய் ஒரு எஃகுக் குழாய். லேப்ராஸ்கோப் டெலஸ்கோப் என்றார் டெக்னீசியன் அண்ணன். கண்ணை வைத்துப் பார்க்கச் சொன்னார். என் கட்டைவிரல் ரேகை வயல் வரப்பு மாதிரி தெரிந்தது. கீழே போட்டால் உள்ளே கண்ணாடிக் குச்சி உடைந்து போகும், முட்டை மாதிரி பிடிக்கணும் என்று சொல்லித் தந்தார். அந்தக் குழாயின் மேல் ஒரு பேர் பொறித்திருந்தது. ஹாப்கின்ஸ். கம்பெனி பேரா என்று கேட்டேன். இல்லை, ஆள் பேர் என்றார்.

அந்த ஆளைத் தேடிப் போனதில் கிடைத்ததுதான் இந்தக் கட்டுரை.

ஏழை வீட்டுப் பிள்ளை

ஹரால்ட் ஹொரஸ் ஹாப்கின்ஸ் 1918ஆம் ஆண்டு டிசம்பர் 6ஆம் தேதி லண்டனில் பிறந்தார். முதல் உலகப் போர் முடிந்து ஒரு மாசம்கூட ஆகவில்லை. ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதியில் ஏழைக் குடும்பம். இங்கிலாந்து என்றதும் எல்லோரும் கோட்டு சூட்டு போட்டவர்கள் என்று நாம் நினைத்துக் கொள்கிறோம். அங்கேயும் நம்ம மாதிரி வீடுகள் உண்டு நண்பர்களே!

படிப்பில் கெட்டிக்காரராக இருந்ததால் ஸ்காலர்ஷிப் கிடைத்தது. லெஸ்டர் நகரத்தில் கேட்வே பள்ளியில் சேர்ந்தார். அங்கே அவர் மொழி, இலக்கியம் பக்கம்தான் நன்றாகப் படித்தாராம். தலைமையாசிரியர்தான் அவரை அறிவியல் பக்கம் திருப்பிவிட்டார். ஒரு வாத்தியார் சரியான நேரத்தில் தோளைத் தொட்டுத் திருப்பினால் உலகத்துக்கு என்னவெல்லாம் கிடைக்கிறது, பாருங்கள்.

பிறகு லெஸ்டர் பல்கலைக்கழகக் கல்லூரியில் இயற்பியலும் கணிதமும் படித்து 1939இல் முதல் வகுப்பில் தேறினார். அடுத்து அணுக்கரு இயற்பியலில் ஆராய்ச்சி செய்யலாம் என்று ஆரம்பித்தார். அதே வருஷம் இரண்டாம் உலகப் போர் வெடித்தது. ஆராய்ச்சி நின்று போனது. வேலைக்குப் போகவேண்டி வந்தது. டெய்லர், டெய்லர் அண்ட் ஹாப்சன் என்ற லென்ஸ் கம்பெனியில் லென்ஸ் டிசைன் செய்யும் வேலை. நடுவில் அவரை ராணுவத்தில் பிடித்துப் போட்டு, பாலம் கட்ட, வெடி வைக்கப் பயிற்சி கொடுத்தார்கள். இந்த ஆளுக்கு அதுவா வேலை என்று கொஞ்ச நாளில் புரிந்து, திரும்ப லென்ஸ் வேலைக்கே அனுப்பினார்கள். வேலை பார்த்துக் கொண்டே படித்து 1945இல் டாக்டர் பட்டமும் வாங்கினார். 1947இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் சேர்ந்தார்.

இங்கே ஒன்றைக் கவனிக்கணும். அணு ஆராய்ச்சி போச்சே என்று அவர் உட்கார்ந்துவிடவில்லை. கிடைத்த லென்ஸைப் பிடித்துக் கொண்டார். கேட்ட பிராஞ்ச் கிடைக்கவில்லை என்று முதல் வருஷம் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்திருந்த என்னைப் போன்றவர்கள் இதைப் படிக்கலாம்.

மூன்று பேர் சொன்ன மூன்று குறைகள்

ஹாப்கின்ஸ் வாழ்க்கையைப் படிக்கும்போது எனக்கு ஒரு விஷயம் பட்டது. அவர் செய்த பெரிய வேலைகள் மூன்றுமே, வேறு தொழிலில் இருந்த யாரோ ஒருத்தர் வந்து சொன்ன ஒரு குறையில் இருந்துதான் தொடங்கின. குறையைக் கேட்டார். வீட்டுக்குப் போய்க் கணக்குப் போட்டார். இதுதான் அவருடைய முறை.

முதல் குறை பி.பி.சி. தொலைக்காட்சியிடம் இருந்து வந்தது. அந்தக் காலத்துக் கேமராவில் கிட்டத்தில் காட்ட ஒரு லென்ஸ், தூரத்தில் காட்ட ஒரு லென்ஸ் என்று வட்டத் தகட்டில் நாலைந்து லென்ஸ் மாட்டியிருப்பார்கள். விளையாட்டைப் படம் பிடிக்கும்போது லென்ஸைத் திருப்பினால் படம் ஒரு கணம் போய்விட்டு வரும். படம் அறுபடாமல் மெல்ல மெல்லப் பெரிதாக வேண்டும் என்பது அவர்கள் தேவை. ஹாப்கின்ஸ் வாட்சன் என்ற கம்பெனிக்காகக் கணக்குப் போட்டு, 1948இல் அப்படி ஒரு ஜூம் லென்ஸைக் கொடுத்தார். இன்றைக்கு நாம் கிரிக்கெட் பார்க்கும்போது பந்து வீசுகிறவர் முகம் கிட்டே வருகிறதே, அதற்குப் பின்னால் இருக்கிற பெரிய பேர்களில் இவர் பேரும் ஒன்று.

அப்போது கம்ப்யூட்டர் கிடையாது. லென்ஸின் ஒவ்வொரு பரப்பிலும் ஒளிக்கதிர் எங்கே வளைகிறது என்று மேஜைக் கணக்குப் பொறியில் எண்ணைத் தட்டித் தட்டித்தான் போடணும். ஒரு கண்ணாடியின் வளைவை ஒரு துளி மாற்றினால் கணக்கை முதலில் இருந்து ஆரம்பிக்கணும். எம்-2வில் ஒரு கணக்கு மூன்று பக்கம் போனால் நான் பேப்பரை மடித்து வைத்துவிடுவேன். அந்த மனுஷன் வாழ்நாள் முழுக்க அதையே செய்தார். 1950இல் லென்ஸ் பிழைகளைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் ஒளியியல்காரர்களுக்குப் பாடப்புத்தகம் ஆனது. ஒரு லென்ஸ் நல்லதா கெட்டதா என்று சும்மா கண்ணால் பார்த்துச் சொல்லக் கூடாது, மெல்லிய கோடுகளை எவ்வளவு தெளிவாகக் கடத்துகிறது என்று அளந்து எண்ணால் சொல்லணும் என்ற முறையை வளர்த்தவர்களிலும் அவர் முக்கியமானவர்.

விழுங்க முடியாத குழாய்

இரண்டாவது குறை ஒரு விருந்தில் வந்தது. வருஷம் 1951. ஹாப்கின்ஸ் பக்கத்தில் உட்கார்ந்தவர் ஹியூ கெயின்ஸ்பரோ என்ற இரைப்பை மருத்துவர். இரைப்பைக்குள் பார்க்க அப்போது இருந்த குழாய் பெரும்பாலும் விறைப்பானது. நோயாளி கழுத்தை நிமிர்த்திக் கொண்டு, கத்தி விழுங்குகிற வித்தைக்காரன் மாதிரி அதை விழுங்கணும். அவருக்கும் வேதனை, டாக்டருக்கும் முழுசாகத் தெரியாது. இதைத்தான் அந்த மருத்துவர் சாப்பாட்டு மேஜையில் சொல்லிக் குறைப்பட்டார்.

நாமாக இருந்தால் உச்சுக்கொட்டிவிட்டு அடுத்த கறித்துண்டை எடுத்திருப்போம். ஹாப்கின்ஸ் அதை மனசில் போட்டுக் கொண்டார். மயிரிழை போன்ற கண்ணாடி இழையின் ஒரு முனையில் ஒளி நுழைந்தால், உள்சுவரில் முட்டி முட்டி மறுமுனையில் வெளியே வரும். முழு அக எதிரொளிப்பு என்று நாம் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். ஆயிரக்கணக்கான இழைகளைக் கட்டாகக் கட்டி, இந்த முனையில் எந்த இழை எந்த இடத்தில் இருக்கிறதோ அந்த முனையிலும் அதே இடத்தில் இருக்கும்படி அடுக்கிவிட்டால், புள்ளி புள்ளியாக ஒரு முழுப் படமே போய்ச் சேரும். கட்டை வளைத்தாலும் படம் வரும்!

இந்த வேலைக்கு அவர் உதவிக்கு எடுத்துக் கொண்ட ஆராய்ச்சி மாணவர் நம் நாட்டுக்காரர். பஞ்சாபில் பிறந்த நரிந்தர் சிங் கபானி. இருவரும் 75 செ.மீ. நீள இழைக்கட்டு வழியாகப் படத்தைக் கடத்திக் காட்டினார்கள். 1954 ஜனவரியில் நேச்சர் இதழில் அவர்கள் கட்டுரை வந்தது. அதே இதழில் ஹாலந்தைச் சேர்ந்த வான் ஹீலும் இழைகளைப் பற்றி எழுதியிருந்தார். இழையும் இழையும் தொட்டால் ஒளி கசியும், அதற்கு ஒவ்வொன்றுக்கும் மேல்பூச்சு வேண்டும் என்பது அவர் சொன்ன வழி.

அதற்கு மேல் ஹாப்கின்ஸுக்குப் பண உதவி கிடைக்கவில்லை. கருவியாகச் செய்து முடித்தது அமெரிக்காவில் மிச்சிகனில். கட்டுரையைப் படித்துவிட்டு லண்டனுக்கே வந்து பார்த்துப் போன பாசில் ஹிர்ஷோவிட்ஸ் என்ற இளம் மருத்துவர் அங்கே இயற்பியல்காரர்களோடு சேர்ந்து உழைத்தார். இழைக்கு மேல் வேறொரு கண்ணாடியையே உறையாகப் போடும் வழியை 1956 டிசம்பரில் செய்து காட்டியவர் லாரன்ஸ் கர்டிஸ். அப்போது அவர் பட்டப்படிப்பு மாணவர். நம்மைவிட ஒன்றிரண்டு வயசுதான் கூட இருக்கும்! 1957 பிப்ரவரியில் கருவி தயார். யார் மேல் சோதித்துப் பார்ப்பது? ஹிர்ஷோவிட்ஸ் முதலில் தானே அதை விழுங்கினார். சில நாள் கழித்துத்தான் நோயாளிக்குப் போட்டார். சோதனை என்றால் இதுதான் சோதனை.

இருட்டுப் படமும் கண்ணாடிக் குச்சியும்

மூன்றாவது குறைதான் எங்கம்மா வரைக்கும் வந்தது.

லிவர்பூலில் ஜேம்ஸ் கோ என்று ஒரு சிறுநீரக அறுவை மருத்துவர். சிறுநீர்ப்பைக்குள் புற்றுக்கட்டி எப்படி வளர்கிறது, குறைகிறது என்று போட்டோ எடுத்து வைத்துப் பார்க்க ஆசைப்பட்டார். குழாயில் பார்த்தால் ஏதோ மங்கலாகத் தெரிகிறது. கேமராவை வைத்தால் படம் கருப்பு. போதுமான வெளிச்சம் இல்லை. 1950களின் பிற்பாதியில் இந்தக் குறையோடு ஹாப்கின்ஸிடம் வந்தார்.

அப்போது இருந்த குழாய் எப்படிப்பட்டது? 1870களில் ஜெர்மனியின் மாக்ஸ் நிட்சே தொடங்கி வைத்த வகை. நீளமான குழாய். உள்ளே அங்கங்கே மெல்லிய சின்ன லென்ஸ்கள். ஒரு லென்ஸ் படத்தை உண்டாக்கி அடுத்த லென்ஸுக்குத் தரும், அது அடுத்ததுக்கு. தீயணைக்க வரிசையில் நின்று வாளி மாற்றிக் கொடுக்கிற மாதிரி. லென்ஸுக்கும் லென்ஸுக்கும் நடுவில் நீண்ட காற்று இடைவெளி. லென்ஸ்கள் சாயாமல் நிற்க இடையிடையே சின்ன உலோக வளையக் குழாய்கள் வேறு. வெளிச்சத்துக்கு முனையில் ஒரு குட்டி பல்பு. அது சுடும், நடுவேலையில் ஃபியூசும் போகும்.

ஹாப்கின்ஸ் முதலில் ஒரு நல்ல குழாயை எடுத்து, அதில் எவ்வளவு வெளிச்சம் தொலைகிறது என்று அளந்தார். பிறகு கணக்குப் போட்டார். விடை கேட்டால் இவ்வளவுதானா என்று தோன்றும். காற்று இருந்த இடத்தில் கண்ணாடியை வை. கண்ணாடி இருந்த இடத்தில் காற்றை வை.

அதாவது மெல்லிய லென்ஸும் நீண்ட காற்றும் இருந்ததை மாற்றி, நீளமான கண்ணாடிக் குச்சிகளை வரிசையாகக் குழாய்க்குள் செருகினார். குச்சியின் இரண்டு முனையையும் லென்ஸ் மாதிரி வளைவாகத் தேய்த்து மெருகேற்றியிருக்கும். குச்சிக்கும் குச்சிக்கும் நடுவில் இருக்கிற கொஞ்சம் காற்றே இப்போது லென்ஸ் வேலையைப் பார்க்கும்.

கணக்கைப் பாருங்கள், பயப்பட வேண்டாம். இப்படிப்பட்ட குழாயில் போகக்கூடிய ஒளியின் அளவு, உள்ளே இருக்கிற பொருளின் ஒளிவிலகல் எண்ணின் வர்க்கத்தைப் பொறுத்தது. காற்றுக்கு 1. கண்ணாடிக்கு ஏறத்தாழ 1.5. வர்க்கம் 2.25. காற்றை எடுத்துக் கண்ணாடியை வைத்ததற்கே ஒளி 2.25 மடங்கு! அடுத்து, குச்சி நீளமானது, தானே நேராக நிற்கும். நடுவில் இருந்த உலோக வளையங்கள் தேவையில்லை. அந்த இடமும் ஒளிக்கே கிடைக்கிறது. இங்கேதான் வேடிக்கை. ஒளியின் அளவு திறந்த வழியின் ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. ஆரம் 1.4 மடங்கு கூடினால் 1.4ஐ நாலு தடவை பெருக்குங்கள். ஏறத்தாழ 4. இரண்டையும் சேர்த்தால் 2.25 பெருக்கல் 4, அதாவது 9 மடங்கு. வெளியே குழாய் அதே தடிமன். நோயாளிக்கு ஒரு மயிரளவுகூட அதிக வலி இல்லை. உள்ளே வெளிச்சம் மட்டும் 9 மடங்கு!

இதோடு கண்ணாடி முனைகளில் ஒளி திரும்பிப் போகாமல் இருக்க மெல்லிய பூச்சும் பூசினால் இன்னும் தெளிவு. 1959இல் ஹாப்கின்ஸ் இதற்குக் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். முதல் மாதிரிக் கருவிகளைக் கையில் வாங்கி நோயாளிகளிடம் சோதித்துப் பார்த்தவர் அதே ஜேம்ஸ் கோ. கருப்பாகவே வந்த படச்சுருளில் சிறுநீர்ப்பையின் உள்சுவர் தெரிந்தது.

கதவு திறக்காத வருஷங்கள்

இவ்வளவு நல்ல கருவியைக் கம்பெனிகள் ஓடி வந்து வாங்கியிருக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? அதுதான் இல்லை! இங்கிலாந்துக் கம்பெனிகளிடம் காட்டினார். அமெரிக்கக் கம்பெனிகளுக்கும் அக்கறை இல்லை. ஏற்கெனவே விற்றுக் கொண்டிருப்பது போதாதா, குச்சியைத் தேய்த்து மெருகேற்றுவது கஷ்டமாயிற்றே என்று அவர்களுக்குப் பட்டிருக்கலாம். வருஷங்கள் ஓடின.

அந்த நேரத்தில் இரண்டு பேர் வருகிறார்கள். ஒருவர் ஜார்ஜ் பெர்சி. ஹங்கேரியில் பிறந்து ஆஸ்திரேலியாவுக்குப் போன அறுவை மருத்துவர். குழாயின் முனையில் சின்ன டி.வி. கேமராவை மாட்டி ஆபரேஷன் தியேட்டரில் எல்லோரும் பார்க்கும்படி செய்ய வேண்டும் என்று 1960களின் தொடக்கத்திலேயே சோதனை செய்தவர். வெளிச்சம் போதாமல் தவித்தவர் என்பதால் ஹாப்கின்ஸ் குச்சியின் அருமை அவருக்கு உடனே தெரிந்தது. (இவர் 2024இல், 103 வயதில்தான் காலமானார்.) இன்னொருவர் கார்ல் ஸ்டோர்ஸ். ஜெர்மனியில் டுட்லிங்கன் என்ற, அறுவைக் கருவிகளுக்குப் பேர் போன ஊரில் பட்டறை வைத்திருந்தவர். பெர்சி எடுத்துச் சொல்ல, 1965 வாக்கில் ஸ்டோர்ஸும் ஹாப்கின்ஸும் கைகோர்த்தார்கள்.

ஸ்டோர்ஸிடம் ஏற்கெனவே ஒரு சரக்கு இருந்தது. சுடுகிற குட்டி பல்பை உடம்புக்குள் வைக்காமல், பெரிய விளக்கை வெளியே வைத்து, இழைக்கட்டு வழியாக வெளிச்சத்தை மட்டும் உள்ளே அனுப்புகிற முறை. குளிர்ந்த ஒளி என்று பேர். வெளிச்சம் மட்டும் போகணும், படம் வேண்டாம் என்றால் இழைகளை ஒழுங்காக அடுக்கக்கூட வேண்டியதில்லை. ஆக, உள்ளே வெளிச்சம் போக இழைக்கட்டு. வெளியே படம் வர கண்ணாடிக் குச்சி. விருந்தில் கேட்ட குறைக்காக ஹாப்கின்ஸ் கையில் எடுத்த இழையும், லிவர்பூல் டாக்டர் சொன்ன குறைக்காகச் செய்த குச்சியும் ஒரே எஃகுக் குழாய்க்குள் சந்தித்துக் கொண்டன! 1967இல் அந்தக் கருவி விற்பனைக்கு வந்தது. அன்று முதல் அதன் மேல் ஹாப்கின்ஸ் என்ற பேர் இருக்கிறது.

சிறுநீர்ப்பையில் இருந்து வயிற்றுக்கு

வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்க்கிற யோசனை இதற்கெல்லாம் முந்தியது. 1901 செப்டம்பரில் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஜார்ஜ் கெல்லிங் என்ற மருத்துவர், ஒரு நாயின் வயிற்றில் காற்றை அடைத்து உப்ப வைத்து, நிட்சேயின் குழாயை உள்ளே விட்டுக் காட்டினார். 1910இல் ஸ்வீடனின் யாக்கோபியஸ் மனிதர்களுக்கு அதைச் செய்ததை எழுதினார். ஆனால் ஐம்பது அறுபது வருஷம் ஆகியும் அது பெரும்பாலும் எட்டிப் பார்க்கிற வேலையாகவே இருந்தது. அறுக்கிற வேலைக்குப் பெரிதாக வரவில்லை.

ஏன்? சிறுநீர்ப்பை சின்ன உருண்டை. வயிறு பெரிய குகை. அதில் இரத்தம் கசிந்தால் அது வேறு வெளிச்சத்தை விழுங்கும். மங்கலில் எட்டிப் பார்க்கலாம், கத்தி வைக்க முடியுமா? இரத்தக்குழாய் எது, பித்தக்குழாய் எது என்று தெரியாமல் அறுத்தால் உயிர் போய்விடும். குழாயில் வெளிச்சமும் தெளிவும் வந்த பிறகுதான் டாக்டர்களுக்குத் துணிச்சல் வந்தது.

ஜெர்மனியில் கீல் நகரத்தின் கர்ட் செம் 1980இல் வயிற்றைக் கிழிக்காமல் குடல்வாலை எடுத்தார். பாராட்டு கிடைக்கவில்லை. இவரைத் தொழிலில் இருந்து நிறுத்தணும் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். 1985 செப்டம்பரில் போப்ளிங்கன் ஊரின் எரிக் மூகே துளை வழியாகப் பித்தப்பையை எடுத்தார். அவரையும் முதலில் யாரும் மதிக்கவில்லை. 1987இல் பிரான்ஸில் லியோன் நகரத்தின் பிலிப் மூரே செய்தார். அதற்குள் சி.சி.டி. என்ற சில்லு வைத்த சின்னக் கேமரா வந்துவிட்டது. கண்ணை வைக்கிற இடத்தில் கேமராவை மாட்டினார்கள். அதுவரை டாக்டர் ஒருத்தர் மட்டும் ஒற்றைக் கண்ணால் குனிந்து பார்த்தார். இப்போது உதவியாளர், நர்ஸ், படிக்கிற மாணவர் எல்லோரும் திரையைப் பார்க்கிறார்கள். ஒருவர் குழாயைப் பிடிக்க, டாக்டருக்கு இரண்டு கையும் மிச்சம். அதற்குப் பிறகு சில வருஷத்திலேயே உலகம் முழுக்கப் பித்தப்பை ஆபரேஷன் துளை ஆபரேஷனாக மாறிவிட்டது. கேமராவுக்கு வேண்டிய வெளிச்சத்தைக் குழாய் வழியே கொண்டு வந்து கொடுத்தது ஹாப்கின்ஸின் கண்ணாடிக் குச்சி.

கடைசிக் காலம்

1967இல் ஹாப்கின்ஸ் ரெடிங் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். 1973இல் ராயல் சொசைட்டியில் உறுப்பினர் ஆக்கினார்கள். லேசர் கதிரால் தட்டில் இருந்து படத்தையும் பாட்டையும் படிக்கிற கருவிகளுக்கான ஒளியியல் கணக்கிலும் அவர் கை இருந்தது. 1984இல் ராயல் சொசைட்டி ரம்ஃபோர்டு பதக்கம் கொடுத்தது. நோபல் பரிசுக்கு இரண்டு தடவை அவர் பேர் போனதாம். கிடைக்கவில்லை.

எனக்கு எல்லாவற்றையும் விடப் பெரிதாகத் தெரிவது 1990ஆம் ஆண்டு லிஸ்டர் பதக்கம். அறுவைச் சிகிச்சைக்கு ஆற்றிய பணிக்காகக் கொடுப்பது. ஒரு நாள்கூட மருத்துவம் படிக்காத இயற்பியல்காரருக்கு அதைக் கொடுத்தார்கள். 1991 ஏப்ரலில் இங்கிலாந்து அறுவை மருத்துவர் கல்லூரி மேடையில் ஏறி, எண்டோஸ்கோப் வந்த வழியையும் இனிப் போகும் வழியையும் பற்றி மருத்துவர்களுக்கு அவர் பாடம் நடத்தினார்!

1994 அக்டோபர் 22ஆம் தேதி, 75 வயதில் ஹாப்கின்ஸ் மறைந்தார். துளை ஆபரேஷன் உலகம் முழுக்கப் பரவியதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் போனார்.

இப்போது குழாயின் நுனியிலேயே கேமரா சில்லு வைத்த கருவிகளும் வந்துவிட்டன. வளைகிற எண்டோஸ்கோப்பில் இழைக்கட்டின் இடத்தைச் சில்லு பிடித்துக் கொண்டது. ஆனால் எத்தனையோ ஆபரேஷன் தியேட்டர்களில் வயிற்றுக்குள் போகிற விறைப்பான குழாய்க்குள் அந்தக் கண்ணாடிக் குச்சிதான் இன்னும் இருக்கிறது. நான் கையில் பிடித்ததும் அதைத்தான்.

நமக்கு என்ன?

நண்பர்களே, டிப்ளமோதானே என்று நம்மைச் சொல்கிறவர்கள் உண்டு. நாமே சொல்லிக் கொள்வதும் உண்டு. உயிரைக் காப்பாற்றுகிறவர் டாக்டர் மட்டும்தான் என்று நானும் நினைத்திருந்தேன். எங்கம்மா வயிற்றில் கத்தி வைத்தவர் டாக்டர். அவருக்கு நன்றி. ஆனால் அவருக்குக் கண் கொடுத்தது ஒரு கணக்கு. அந்தக் கணக்குப்படி கண்ணாடியைத் தேய்த்தது ஏதோ ஒரு பட்டறைத் தொழிலாளியின் கை. அதை உடையாமல் பார்த்துக் கொள்வது அந்த டெக்னீசியன் அண்ணன். நாளைக்கு அந்த இடங்களில் எல்லாம் நிற்கப் போவது நாம்தான்.

இன்னொன்று. ஹாப்கின்ஸ் பெரிய ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து உலகத்தை மாற்றப் போகிறேன் என்று கிளம்பவில்லை. பக்கத்தில் இருந்தவர் சொன்ன கஷ்டத்தைக் காது கொடுத்துக் கேட்டார். நம்ம ஊரில் கஷ்டத்துக்கா பஞ்சம்? சூளையில் அப்பா சொல்வது, தறியில் சித்தி சொல்வது, வயலில் மாமா சொல்வது எல்லாம் குறைதான். கேட்கிற காதும், உட்கார்ந்து போடுகிற கணக்கும்தான் வேண்டும்.

எனக்கு எம்-2 அரியர் இருக்கிறது. மலரில் இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் நாலாம் அடுக்குக் கணக்கை இந்தக் கட்டுரைக்காக நானே போட்டுப் பார்த்தேன். 9 வந்தபோது ஏதோ ஒரு கதவு திறந்த மாதிரி இருந்தது. அன்று ராத்திரி அதை அம்மாவிடம் சொன்னேன். அம்மாவுக்குப் பாதி புரியவில்லை. சேலையை ஒதுக்கி, தொப்புளுக்குப் பக்கத்தில் இருந்த சின்னத் தழும்பைத் தொட்டுப் பார்த்துக் கொண்டார். அப்பா ஒன்றும் பேசவில்லை. ஆணியில் மாட்டியிருந்த என் பையை எடுத்து என் பக்கத்தில் வைத்துவிட்டு, அரியருக்குப் படி என்று மட்டும் சொன்னார்.

படிக்கிறேன். நீங்களும் படியுங்கள்.